ஒரே பொருள் தரும் கட்டளை: டிப்ளமசி ஆட்டத்தில் நகர்வுகளை எழுதும் முறை

டிப்ளமசி ஆட்டத்தில் காய்களைக் கை நகர்த்துவதற்கு முன் எழுத்து நகர்த்துகிறது. ஏழு ஆட்டக்காரர்களும் தத்தம் படைகளுக்கான கட்டளைகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் தாளில் எழுதுகிறார்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றன. தாளில் உள்ளபடி பலகை மாறுகிறது. பகடை கிடையாது; ஒருவர் ஆடி முடித்தபின் அடுத்தவர் ஆடும் வழக்கமும் கிடையாது. ஒருவரது திறமை, சூழ்ச்சி, பேச்சுவன்மை எல்லாம் கடைசியில் சில வரி எழுத்தில் வந்து முடிகின்றன. அந்த வரிகள் தெளிவாக இல்லையென்றால் மற்றவை அத்தனையும் வீண்.

இந்த ஆட்டத்தை 1954ஆம் ஆண்டு வடிவமைத்தவர் ஆலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர். 1959இல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவே பலகை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி ஆகிய ஏழு வல்லரசுகள் 1901 வசந்த காலத்தில் தொடங்குகின்றன. பலகையில் நிலமும் கடலுமாக 75 பகுதிகள் உண்டு. அவற்றில் 34 வழங்கல் மையங்கள். 18 மையங்களைப் பிடித்தவர் வெல்கிறார். தொடக்கத்தில் ரஷ்யாவுக்கு 4 காய்களும் மற்றவர்களுக்கு மும்மூன்றுமாக மொத்தம் 22 காய்கள். ஒவ்வோர் ஆண்டிலும் வசந்தம், இலையுதிர்காலம் என இரு நகர்வுப் பருவங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பேச்சுவார்த்தைக்கு நேரம் உண்டு. விதிநூலின் வழக்கப்படி முதல் முறை 30 நிமிடம், பிறகு 15 நிமிடம். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் எந்த வாக்கும் தரலாம். எந்த வாக்கும் யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது எழுதிய கட்டளை ஒன்றுதான். சொல்லுக்கு இவ்வளவு தாராளமும் எழுத்துக்கு இவ்வளவு கண்டிப்பும் தருகிற பலகை ஆட்டம் வேறு இருப்பது அரிது. கட்டளை எழுதுவதை ஒரு தனிக் கலையாகப் படிக்க வேண்டியதற்குக் காரணம் இதுவே.

தெளிவுக்கு இந்த ஆட்டம் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. கட்டளை மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் கொள்ள முடியும் என்றால் அதை நிறைவேற்றியாக வேண்டும். இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் நிறைவேற்றக் கூடாது. அந்தப் படை இருந்த இடத்திலேயே நிற்கும். கட்டளையே பெறாத படையும் அப்படியே நிற்கும். ஒரே படைக்கு முரண்பட்ட இரு கட்டளைகள் எழுதினாலும் அதே கதி. எழுத்துப் பிழை, கோணல் கையெழுத்து, வழக்கமற்ற சுருக்கம் இவையெல்லாம் தம்மளவில் குற்றமாகா. எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்று நடுவர் ஊகிக்க வேண்டி வந்தால்தான் குற்றம்.

இந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வடக்குக் கடற்பரப்பு நல்ல எடுத்துக்காட்டு. பலகையில் என்-ஓ-ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பகுதிகள் ஐந்து: நார்வே, வட கடல், நார்வீஜியக் கடல், வட அட்லான்டிக், வட ஆப்பிரிக்கா. இங்கிலாந்து ஆடுபவர் லண்டனில் உள்ள கப்பற்படையை அந்த மூன்றெழுத்துக்கு அனுப்புவதாக எழுதினால் சிக்கல் இல்லை. லண்டனைத் தொட்டிருப்பது அவ்வைந்தில் வட கடல் ஒன்றே, கட்டளை செல்லும். அதே மூன்றெழுத்தை எடின்பரோவில் உள்ள கப்பற்படைக்கு எழுதினால் செல்லாது. எடின்பரோவிலிருந்து வட கடலுக்கும் போகலாம், நார்வீஜியக் கடலுக்கும் போகலாம். இரண்டுமே 1901இன் தொடக்கத்தில் இங்கிலாந்து வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் நகர்வுகள். ஆகவே நடுவருக்கு வழியில்லை. கப்பற்படை துறைமுகத்திலேயே நிற்கும். எழுத்தில் மாற்றமே இல்லை. படை நிற்கும் இடம் மாறியதும் தெளிவு போய்விட்டது.

ருமேனியாவை எடுத்துக்கொண்டால் இதன் மறுபக்கம் தெரியும். பலகையில் அந்நாட்டின் பெயர் பழைய ஆங்கில வழக்கப்படி ஆர்-யூ-எம் என்று தொடங்குகிறது. இன்றைய எழுத்துமுறைக்குப் பழகியவர் ஆர்-ஓ-எம் என்று சுருக்கிவிடுகிறார். அது ரோமுக்கு உரிய சுருக்கம். ஆனால் புடாபெஸ்ட்டில் இருந்து கிளம்பும் தரைப்படை ரோமுக்குப் போக வழியே இல்லை, ருமேனியாவுக்கு உண்டு. எனவே தவறான சுருக்கம் இருந்தும் கட்டளை செல்ல வேண்டும். அண்டைப் பகுதிகளின் அமைப்பே பாதிக் குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறது. தரைப்படை கடலில் நிற்காது, கப்பற்படை உள்நாட்டுக்குள் நுழையாது என்ற விதி இன்னும் சிலவற்றைத் தீர்க்கிறது. டைரோலியா உள்நாட்டுப் பகுதி, டிர்ரேனியக் கடல் கடல். ஆங்கிலத்தில் முதல் மூன்றெழுத்து ஒன்றானாலும் எந்தப் படை என்று தெரிந்தால் எந்த இடம் என்பதும் தெரிந்துவிடும். லிவர்பூலும் லிவோனியாவும் ஐரோப்பாவின் இரு கோடிகளில் இருப்பதால் பெரும்பாலும் மோதுவதில்லை. ஆனாலும் பலகையின் தயவை நம்பி எழுதுவது நல்ல பழக்கம் ஆகாது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் குழப்பம் தரும் பெயர்களுக்கு நிலையான தனிச் சுருக்கங்களை வைத்துக்கொள்கிறார்கள், அல்லது முழுப் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். நான்கைந்து எழுத்து கூடுதலாக எழுதுவதற்கு ஆகும் நேரம் ஒரு பருவத்தை இழப்பதோடு ஒப்பிடத் தக்கதே அல்ல.

ஒரு கட்டளையின் உறுப்புகள் மூன்று: எந்த வகைப் படை, அது நிற்கும் இடம், அது செய்ய வேண்டிய செயல். ஏ என்ற எழுத்து தரைப்படையையும் எஃப் என்பது கப்பற்படையையும் குறிக்கும். ‘ஏ பாரிஸ் – பர்கண்டி’ என்றால் பாரிஸில் உள்ள தரைப்படை பர்கண்டிக்கு நகர்கிறது. ஒரு பகுதியில் ஒரு படைக்கு மேல் நிற்க முடியாது என்பதால், இடத்தைச் சொன்ன உடனேயே படை எது என்று தெரிந்துவிடும். ஏ, எஃப் எழுத்துகள் கண்டிப்பாகத் தேவையில்லை என்று வாதிடலாம். அப்படியும் எழுதுவதற்குப் பயன் உண்டு. வகையை எழுதும்போது எழுதுபவரின் கண் பலகைக்குப் போகிறது. ரோமில் நிற்பது கப்பற்படை என்பது நினைவுக்கு வருகிறது. ரோமும் வெனிஸும் நிலத்தால் ஒட்டியவை, கடற்கரையால் ஒட்டியவை அல்ல. ஆகவே ‘எஃப் ரோம் – வெனிஸ்’ என்பது நடக்க முடியாத கட்டளை. ‘எஃப்’ என்று எழுதிய கை அந்த இடத்தில் தயங்குவதற்கு வாய்ப்பு உண்டு. எழுதாத கைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கரைகளைப் பற்றிய விதி தனியே கவனிக்கத்தக்கது. ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் ஒன்றோடொன்று சேராத இரு கடற்கரைகள் உண்டு. அங்கே போகும் கப்பற்படை எந்தக் கரையில் நிற்கிறது என்பது அடுத்த பருவத்தில் அது எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மத்திய அட்லான்டிக்கில் இருந்தோ போர்ச்சுகலில் இருந்தோ ஸ்பெயினுக்குப் போகும் கப்பற்படைக்கு வட கரை, தென் கரை இரண்டும் எட்டும். கரையைக் குறிப்பிடாவிட்டால் அது நகராது. லயன் வளைகுடாவில் இருந்து தென் கரைக்கு மட்டுமே வழி. அதுபோலவே கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து பல்கேரியாவின் இரு கரைகளுக்கும் போகலாம். கருங்கடலில் இருந்து கிழக்குக் கரைக்கு மட்டும், ஏஜியன் கடலில் இருந்து தென் கரைக்கு மட்டும். ரஷ்யா தன் நான்கு காய்களில் ஒன்றைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தென் கரையில் வைத்தே ஆட்டத்தைத் தொடங்குகிறது. அது போத்னியா வளைகுடாவுக்குப் போகலாம், பேரன்ட்ஸ் கடலுக்குப் போக முடியாது. அடுத்த பகுதிக்கு ஆதரவு தரும்போது மட்டும் கரை பொருட்டல்ல: ஸ்பெயினின் ஏதேனும் ஒரு கரைக்கு நகரக்கூடிய கப்பற்படை, ஸ்பெயினுக்குள் நடக்கும் எந்தத் தாக்குதலுக்கும் ஆதரவு தரலாம்.

மிகுதியான பிழைகள் நிகழும் இடம் ஆதரவுக் கட்டளை. எல்லாப் படைகளும் சம பலம் கொண்டவை என்பதால் இந்த ஆட்டத்தில் எதையும் தனியாகச் சாதிக்க முடியாது. காலியாக உள்ள ஓர் இடத்துக்கு இரண்டு படைகள் ஒரே பலத்தோடு வந்தால் இரண்டும் கிளம்பிய இடத்திலேயே நிற்கும். நின்றுகொண்டிருக்கும் படையை ஒரே பலத்தால் பெயர்க்க முடியாது. ஆதரவு ஒவ்வொன்றும் ஒரு பலத்தைக் கூட்டுகிறது; அதனால் ஆட்டம் முழுவதும் ஆதரவுகளின் கணக்காக அமைகிறது. ஆதரவில் இரு வகை உண்டு. நின்ற இடத்தைக் காக்கும் படைக்குத் தரும் ஆதரவு ஒன்று. நகரும் படைக்குத் தரும் ஆதரவு மற்றொன்று. ‘ஏ மார்செய் எஸ் ஏ பாரிஸ் – பர்கண்டி’ என்பது இரண்டாம் வகை. எஸ் என்பது ஆதரவின் குறி. மார்செய் பாரிஸை ஒட்டி இருக்க வேண்டியதில்லை. சேர வேண்டிய பர்கண்டியை ஒட்டி இருந்தால் போதும். புதியவர்கள் இதைப் பெரும்பாலும் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆதரவுக் கட்டளை இன்னொரு வரியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டளை; பிழைக்கு இதுவே ஊற்று. ஆதரவு எழுதியவர் குறிப்பிட்ட நகர்வும், நகரும் படைக்கு எழுதப்பட்ட நகர்வும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிக்கார்டியில் உள்ள தரைப்படை பெல்ஜியத்தைத் தாக்குகிறது. பர்கண்டியில் உள்ளது ஆதரவு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான வடிவம் ‘ஏ பர்கண்டி எஸ் ஏ பிக்கார்டி – பெல்ஜியம்’. அவசரத்தில் ‘ஏ பர்கண்டி எஸ் பிக்கார்டி’ என்று நிறுத்திவிட்டால் அது பிக்கார்டியில் நிற்கும் படைக்கான காவல் ஆதரவாகிவிடுகிறது. ஆனால் பிக்கார்டிப் படை நிற்கவில்லை, நகரக் கட்டளை பெற்றிருக்கிறது. நகரக் கட்டளை பெற்ற படைக்குக் காவல் ஆதரவு செல்லாது, அது நகர முடியாமல் திரும்பி நின்றாலும் சரி. விளைவாகத் தாக்குதலின் பலம் இரண்டுக்குப் பதில் ஒன்று. பெல்ஜியத்தில் நிற்கும் எதிரி ஒரு கீறலும் இல்லாமல் தப்பிவிடுகிறார். சேருமிடம் விடுபட்டது ஒரே ஒரு சொல். இழப்பு ஒரு வழங்கல் மையம், சில சமயம் முழு ஆட்டமும்.

இரு நாடுகள் சேர்ந்து தாக்கும்போது இந்த ஆபத்து பெருகுகிறது. ஜெர்மனியின் மியூனிக் படை பிரான்சுக்கு ஆதரவு தருவதாக ஒப்புக்கொண்டு ‘பாரிஸ் – பர்கண்டி’ என்று எழுதியிருக்கும். பிரான்ஸ் கடைசி நிமிடத்தில் மனம் மாறி மார்செயில் இருந்து பர்கண்டிக்குப் போயிருக்கும். சேருமிடம் ஒன்றுதான், கிளம்புமிடம் வேறு, ஆதரவு வீண். இதனால்தான் நல்ல கூட்டாளிகள் பேச்சில் ‘பர்கண்டிக்கு உதவுகிறேன்’ என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. தாளில் எழுதப்போகும் வரியையே சொல்லி, எதிரில் உள்ளவரையும் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். பேச்சுவார்த்தையின் கடைசி ஐந்து நிமிடங்களை இதற்கென்றே ஒதுக்குவதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

கப்பல் வழியே தரைப்படையைக் கடல் தாண்ட வைக்கும் கான்வாய்க் கட்டளையும் இப்படி ஒத்துப்போக வேண்டியதே. சி என்பது அதன் குறி. யார்க்‌ஷயரில் உள்ள படை நார்வேக்குப் போவதற்கு இரு வரிகள் வேண்டும்: ‘ஏ யார்க்‌ஷயர் – நார்வே’, ‘எஃப் வட கடல் சி ஏ யார்க்‌ஷயர் – நார்வே’. லண்டனில் இருந்து டூனிஸ் வரை ஒரே பருவத்தில் போவதென்றால் ஆங்கிலக் கால்வாய், மத்திய அட்லான்டிக், மேற்கு மத்தியதரைக் கடல் ஆகிய மூன்றிலும் கப்பற்படை நிற்க வேண்டும். அம்மூன்றும் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் முழுமையாக எழுத வேண்டும். ஒவ்வொரு கப்பற்படையும் தன் பங்குக்குரிய துண்டுப் பயணத்தை மட்டும் எழுதுவது தவறு. அதற்கு எந்தத் தரைப்படைக் கட்டளையோடும் பொருத்தம் இராது.

கான்வாயில் இன்னொரு நுட்பம் உண்டு. பெல்ஜியமும் ஹாலந்தும் நிலத்தாலும் ஒட்டியவை. இரண்டும் வட கடலையும் தொட்டவை. ‘ஏ பெல்ஜியம் – ஹாலந்து’ என்று எழுதியவர் தரைவழி போகிறாரா, வட கடல் கப்பற்படை வழியே போகிறாரா? பெரும்பாலான நேரங்களில் இதனால் வேறுபாடு இல்லை. ஆனால் அதே பருவத்தில் ஹாலந்தில் உள்ள படை பெல்ஜியத்துக்கு வந்தால் உண்டு. தரைவழியில் இரண்டும் நேருக்கு நேர் மோதி நின்றுவிடும். ஒன்று கடல்வழி போனால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கேட்காமலேயே பிற நாட்டின் கப்பற்படை கான்வாய் எழுதி, அந்தப் படையின் வழியை மாற்றிவிட முயலும் சூழ்ச்சியும் இங்கேதான் பிறக்கிறது. விதிநூலின் பதிப்புகள் இதை வேறு வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. கட்டளையின் இறுதியில் ‘கான்வாய் வழியே’ என்று வெளிப்படையாகச் சேர்ப்பது இப்போது பரவலான வழக்கம். எழுதியவரின் மற்றக் கட்டளைகளைப் பார்த்து உள்நோக்கத்தைக் கண்டுபிடிக்கும் சுமையை நடுவர் தலையில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர்க்கப்பட்ட படையின் பின்வாங்கலும், ஆண்டின் முடிவில் புதுப் படை எழுப்புவதும் கலைப்பதும் எழுத்தில் எளியவை. இடம், வகை, எழுப்புவதா கலைப்பதா என்பது போதும். புதுப் படையைச் சொந்த நாட்டின் காலியான மையங்களில் மட்டுமே எழுப்ப முடியும் என்பதையும், கடற்கரை மையத்தில் எழுப்பும்போது தரைப்படையா கப்பற்படையா என்று சொல்லாவிட்டால் கட்டளை முழுமையாகாது என்பதையும் நினைவில் வைத்தால் சரி.

அஞ்சல்வழி ஆட்டத்தில் நிலைமை மாறியது. 1963இல் ஜான் போர்ட்மன் தம் ‘கிராஸ்டார்க்’ இதழின் மூலம் அஞ்சல்வழி டிப்ளமசியைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் வாரக்கணக்கில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். கெடு நாளுக்குள் கட்டளைகளை நடுவருக்கு அனுப்பினார்கள். முடிவுகள் இதழில் அச்சாயின. கால்ஹமரே பின்னாளில் இல்லினாய் மாநிலத்தில் தபால்காரராகப் பணியாற்றினார் என்பது இந்த வரலாற்றில் பொருத்தமாக அமைந்த செய்தி. மேசையில் ஆடும்போது எழுத்தில் உள்ள ஐயத்தை அங்கேயே விவாதிக்கலாம். அஞ்சலில் நடுவரிடம் இருப்பது தாள் மட்டுமே. ஆகவே நாட்டின் பெயர், பருவம், ஆண்டு, ஆட்டத்தின் அடையாள எண் ஆகியவற்றைத் தலைப்பில் எழுதுவது கட்டாயமாயிற்று. ஒரே நடுவர் பல ஆட்டங்களை நடத்தினார், ஒரே ஆட்டக்காரர் பல ஆட்டங்களில் இருந்தார். கெடுவுக்குள் கட்டளை வராதவரின் பெயருக்கு எதிரே ‘என்.எம்.ஆர்.’ என்று அச்சாகும். நகர்வு எதுவும் வரவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்நாட்டின் படைகள் எல்லாம் அந்தப் பருவம் சும்மா நிற்கும்.

அஞ்சல் கொண்டுவந்த புதுமை நிபந்தனைக் கட்டளை. இலையுதிர்கால நகர்வு, அதன்பின் பின்வாங்கல், அதன்பின் குளிர்காலப் படையெழுப்பல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே கடிதம் போனால் ஆட்டம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் ‘பர்கண்டியில் இருந்து என் படை பெயர்க்கப்பட்டால் காஸ்கனிக்குப் பின்வாங்குகிறது; காஸ்கனிக்கு வழியில்லை என்றால் கலைகிறது’ என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினார்கள். இவ்வகைக் கட்டளைகளை எழுதுவது கடினம், ஏனெனில் எழுதுபவர் இன்னும் நடக்காத பலகையைப் பார்த்து எழுதுகிறார். நிபந்தனை, வெளியான முடிவைப் பார்த்தே சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். ‘இத்தாலி என்னை ஏமாற்றினால்’ என்பது நிபந்தனை ஆகாது; ‘இத்தாலியின் படை பியட்மான்ட்டில் இருந்தால்’ என்பது ஆகும். எழுதிய நிபந்தனைகள் ஒன்றோடொன்று குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் எதற்கு முன்னுரிமை என்று சொல்ல வேண்டும். எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது செய்ய வேண்டியது கடைசி வரியாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை விட்டுவிடுவதே அஞ்சல்வழி ஆட்டத்தின் பெரிய பலவீனம் என்று சொல்லலாம்.

தெளிவின்மையை வேண்டுமென்றே கையாளும் உத்தியும் உண்டு. ஒருவருக்கு ஆதரவு தருவதாக வாக்களித்துவிட்டு, பார்த்தால் தற்செயல் பிழை போலத் தோன்றும் வகையில் கிளம்புமிடத்தை மாற்றி எழுதுவார் ஆட்டக்காரர். தாள் திறந்ததும் ‘அடடா, தவறாக எழுதிவிட்டேன்’ என்பார். உதவியும் போகாது, துரோகப் பட்டமும் வராது. விதிப்படி இதில் தடையேதும் இல்லை. ஆனால் இதன் பலன் வழக்கமாகப் பிழையின்றி எழுதுபவருக்கு ஒரு முறைதான் கிடைக்கும். எப்போதும் குளறுபடியாக எழுதுபவரோ, உண்மையிலேயே பிழை செய்த நாளிலும் நம்பப்படமாட்டார். அவரோடு கூட்டுச் சேர யாரும் விரும்பமாட்டார்கள். வேண்டுமென்றே பிழை எழுதுவதற்குக்கூட எது பிழை என்ற துல்லியமான அறிவு தேவைப்படுகிறது.

எழுதிய நகர்வை நடுவர் படித்து நிறைவேற்றும் மரபு டிப்ளமசிக்கு முந்தியது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைப்பயிற்சிக்காக வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ போர் ஆட்டத்தில், ஆட்டக்காரர்கள் உண்மையான தளபதிகளைப் போலக் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தந்தார்கள். சதுரங்கத்தில் ஆட்டம் ஒத்திவைக்கப்படும்போது அடுத்த நகர்வை எழுதி உறையில் இட்டு முத்திரையிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த நகர்வு இருபொருள்படவோ விதிக்கு மாறாகவோ இருந்தால் எழுதியவர் ஆட்டத்தையே இழந்தார். டிப்ளமசியின் தண்டனை இலகுவானது. ஒரு படை ஒரு பருவம் நிற்கும், அவ்வளவே. பன்னாட்டு அஞ்சல் சதுரங்கம் மொழிச் சிக்கலைத் தவிர்க்கக் கட்டங்களுக்கு எண் கொடுத்தது. ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் இரு கட்டம் முன்னேறுவது 5254 என்ற நான்கு இலக்கத்தில் அடங்கிவிடுகிறது. டிப்ளமசிக்கு இவ்வளவு இறுக்கமான குறியீடு அஞ்சல் காலத்தில் பொதுவழக்காக அமையவில்லை. பிற படைகளின் நகர்வையும் உள்ளடக்கிச் சொல்ல வேண்டிய ஆதரவும் கான்வாயும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கணினி வந்தபின் எழுத்துப் பிழையின் பெரும்பகுதி மறைந்தது. கென் லோவின் ‘ஜட்ஜ்’ நிரல் 1980களின் இறுதியில் மின்னஞ்சலில் வந்த கட்டளைகளைத் தானே படித்துத் தீர்ப்பு சொன்னது. புரியாததைத் திருப்பி அனுப்பித் திருத்தக் கேட்டது. இன்றைய இணைய ஆட்டங்களில் ஆட்டக்காரர் வரைபடத்தைத் தொட்டோ பட்டியலில் தேர்ந்தெடுத்தோ கட்டளை தருகிறார். செல்லாத இடம் பட்டியலில் வராது. இரு கரைகள் உள்ள பகுதி என்றால் கரையைக் கேட்கும். எடின்பரோவின் மூன்றெழுத்துச் சிக்கல் அங்கே எழவே எழாது. ஆனால் ஆதரவும் கான்வாயும் பொருந்தாமல் போவது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனித்தனியே செல்லத்தக்கதுதான். பிழை வரிகளுக்கு இடையில் இருக்கிறது. அதை எந்தப் பட்டியலும் காட்டாது. தாளில் எழுதிய காலத்தைப் போலவே, பலகையில் உள்ள காய்களை எண்ணி, வரிகளை எண்ணி, ஒவ்வோர் ஆதரவையும் அது சுட்டும் நகர்வோடு விரல் வைத்து ஒப்பிடுவதே இன்றும் வழி. நிரல்கள் சரியாகத் தீர்ப்பளிக்கின்றனவா என்று சோதிக்க லூகாஸ் குருய்ஸ்வைக் தொகுத்த மாதிரிச் சோதனைகள் பரவலாகப் பயன்படுகின்றன. விதிநூல் மௌனமாக இருக்கும் இடங்களில் எந்தெந்த விளக்கங்கள் சாத்தியம் என்பதையும் அத்தொகுப்பு விவாதிக்கிறது. குறைபட எழுதிய கட்டளைகளுக்கும் அதில் இடமுண்டு.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம், தீர்ப்பளிப்பதோடு நில்லாமல் தானே ஆடும் ‘சிசரோ’ என்ற செயற்கை நுண்ணறிவு நிரலைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. இணையத்தில் 40 ஆட்டங்களில் 82 மனிதர்களோடு ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களுள் முதல் 10 விழுக்காட்டில் அது இடம்பெற்றது. அந்த நிரல் முதலில் தனக்கும் எதிரில் உள்ளவருக்கும் பொருத்தமான கட்டளைகளைத் திட்டமிடுகிறது. பிறகு அந்தக் கட்டளைகளை அடிப்படையாகக் கொண்டே அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை எழுதுகிறது.